பேர் சொல்லும் பலகை

பொறாமைப்படுவதற்குத் தூரத்து ஆள் சரிப்பட மாட்டார். யாரோ ஒரு கோடீஸ்வரர் தங்கத்தில் தரை போட்டாலும் நமக்குத் தூக்கம் கெடாது. மாமனார் வீட்டு விருந்தில் பக்கத்து இலையில் உட்கார்ந்து, நம்மைவிட ஒரு வடை கூடுதலாக வாங்குகிறவர் வேண்டும். எனக்கு வாய்த்தவர் என் மனைவியின் அக்கா கணவர், சகலை கிரிதரன். குடும்பத்தில் எல்லோருக்கும் அவர் கிரி.

கிரி நல்லவர். அதுதான் என் முதல் முறைப்பாடு. கெட்டவராக இருந்திருந்தால் நிம்மதியாக வெறுத்திருக்கலாம். கண்டி மழையைப் பார்த்ததும் என் மோட்டார் சைக்கிள் படுத்துவிடும். அவருடைய பழைய கார் நனைந்தபடியே கிளம்பும். வயதில் என்னைவிட மூத்தவர், தலைமுடி மட்டும் என்னுடையதைவிட இளையது.

அந்தக் கிரி கட்டுகஸ்தோட்டையில் தன் வீட்டு மாடிக்குத் தேக்குத் தரை போட்டார். போய்ப் பார்த்துவிட்டு வந்த என் மனைவி சுமதி, கைப்பையைக்கூட இறக்கி வைக்கவில்லை.

"அக்கா வீட்டுத் தரையில மொகம் தெரியுதுங்க."

"நமக்குத்தான் கண்ணாடி இருக்கே," என்றேன். சொல்லும்போதே வயிறு எரிந்தது.

எங்களுடையது கண்டி டவுனுக்குள் ஒரு பழைய மாடிவீடு. மேலே முழுக்கப் பழைய பலகைத் தரை, நடந்தால் முனகும். கடனோ உடனோ, நானும் தேக்கு வாங்கி இறக்கினேன். அந்தத் தீபாவளிக்கு மாமனார் குடும்பம் எங்கள் வீட்டுக்கு வருவதாக ஏற்பாடு. அன்றைக்குக் கிரியின் முகம் ஒரே ஒரு தடவை சுருங்க வேண்டும் (வேறு எந்த ஆசையும் எனக்கு இல்லை, சத்தியமாக).

செய்தி கேட்டு முதலில் வந்தவரும் கிரிதான், கையில் ஒரு சோக்குக்கட்டியோடு.

"சகல, அவசரப்பட்டு மேல அடிச்சிறாதீங்க. இந்தப் பழைய பலகை அடியில உள்ள உத்தரத்த விட்டுக் கெளம்பியிருக்கு. அதான் சத்தம்."

மாடி முழுவதும் நடந்தார். முனகிய இடத்திலெல்லாம் குனிந்து சோக்கால் ஒரு புள்ளி வைத்தார். "இங்கயெல்லாம் ஸ்குரூ போட்டு உத்தரத்தோட சேத்து இறுக்குங்க. ஆணி வேணாம், போகப் போக எழும்பிரும். பொறகு தேக்கு போடுங்க."

"கட்டாயம் சகல," என்றேன்.

அவர் கார் திரும்பியதும் ஈரத்துணியை எடுத்தேன். என் வீட்டுத் தரைக்குக் கிரி பொட்டு வைப்பதா? கல்யாணமான நாள் முதல் நான் தரை துடைத்துப் பார்த்திராத சுமதி, "ஒடம்புக்கு ஏதும் செய்யுதா?" என்று கவலையோடு கேட்டாள்.

வேலைக்கு வந்த பாஸும் (எங்கள் ஊரில் தச்சர், கொத்தர் எல்லோருமே பாஸ்தான்) பழைய பலகையை மிதித்துப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார்.

"மேல தேக்கு வந்தா கீழ உள்ளது வாய மூடிரும். நீங்க ஆணிய அடிங்க பாஸ்," என்றேன்.

தீபாவளியன்று தரை மின்னியது. உண்மையாகவே முகம் தெரிந்தது. மாடிப்படியின் மேல்முனையில் நின்று கிரியின் முகத்துக்காகக் காத்திருந்தேன். அவர் ஏறி வந்து வலது காலை உள்ளே வைத்தார்.

"கிரி," என்றது தரை.

அதுவரை முனக மட்டும் தெரிந்த பலகை, தேக்குக்கு அடியில் புது ஆணிகளோடு உரசி உரசிப் பேசக் கற்றுக்கொண்டிருந்தது. கிரி திரும்பினார்.

"கூப்பிட்டீங்களா சகல?"

நக்கல் இல்லை, நிஜமாகவே கேட்டார். இல்லை என்று சொல்ல இரண்டடி முன்னே வைத்தேன். கிரி, கிரி. பின்னால் படியேறி வந்த மாமியார், "யாரு பெரிய மாப்பிள்ளைய இப்படிக் கூப்பிட்டுக்கிட்டே இருக்கிறது?" என்றார். பாயசத் தட்டோடு ஒவ்வொருவரிடமும் போனேன். பாயசம் யாருக்குக் கொடுத்தாலும் அழைப்பு ஒருவருக்குத்தான் போனது. விஷயம் பிடிபட்டதும் மாமனார் முழங்கால் வலியை மறந்து, ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடந்து நடந்து சரிபார்த்தார்.

கிரி குனிந்து தரையில் காது வைத்துக் கேட்டார். அவர் சிரிக்கவில்லை. அதையும் என்னால் பொறுக்க முடியவில்லை.

"அந்தச் சோக்குப் புள்ளியெல்லாம் என்னாச்சு சகல?"

"அழிஞ்சிருச்சு."

"தானாவா?" என்றாள் சுமதி.

"பரவால்ல, ஞாயித்துக்கெழம நான் வர்றேன்," என்றார் கிரி. "கீழ் ரூம் சீலிங்கக் கழட்டிட்டு அடியில இருந்து ஸ்குரூ போட்டுரலாம்."

அவர் வந்து சரிசெய்தால் என் வீட்டு அமைதியும் அவர் போட்ட பிச்சையாகிவிடும். வேண்டவே வேண்டாம், பழகிவிடும் என்று சொல்லிவிட்டேன்.

பழகித்தான் விட்டது, குடும்பத்துக்கு. கிரி வரத் தாமதமாகும் விசேஷங்களில் யாராவது மாடிக்குப் போய் நாலடி நடந்து, "கூப்பிட்டாச்சு, வந்துருவாரு" என்கிறார்கள். நான் சுவரோரமாகவே நடக்கிறேன். அங்கே மட்டும் பலகை கொஞ்சம் அடக்கம்.

போன வாரம் மறதியாகக் குறுக்கே நடந்துவிட்டேன். கீழே சுமதி அக்காவோடு போனில் இருந்தாள்.

"பேர் சொல்ல ஒரு பிள்ள வேணும்னு சனங்க கோயில் கோயிலா போகுதுக்கா. எங்க வீட்டுல பலகையே பேர் சொல்லுது," என்றாள். பிறகு ஒரு பெருமூச்சு. "என்ன, அத்தான் பேரு."