அளவம்மா ஓட்டிய சீர்காழி பஸ்

முத்துப்பேட்டையைச் சுற்றியுள்ள பெண்களின் சரியான அளவு தெரிந்த ஆள் உலகத்திலேயே ஒருவர்தான். படைத்தவனுக்குக்கூடத் தோராயமாகத்தான் தெரிந்திருக்கும். அளவம்மாவுக்கு அரை இஞ்சு பிசகாமல் தெரியும். தெரிந்ததைத் தெருமுனை வரை கேட்கிற மாதிரி சொல்லவும் தெரியும்.

நான் எழுத வந்தது பாடி சமாச்சாரம். இந்தக் காலத்துப் பிள்ளைகள் பிரா என்று பளிச்சென்று சொல்லிவிடுகிறார்கள். எனக்குப் பாடி என்று எழுதும்போதே கையெழுத்து பொடிசாகிறது. பத்திரிகைக்காரர்கள் அதைக் கொட்டை எழுத்தில் போட்டுவிடாமல் இருந்தால் சரி.

கல்யாணமான புதிதில் என் நாத்தனார் ஜவுளிக்கடையில் முப்பத்திநாலு என்று கேட்டு வாங்கிக் கொடுத்தார். அதன் பிறகு நானே போனாலும் முப்பத்திநாலுதான். மூன்று பிள்ளை பெற்றேன், முப்பத்திநாலு. நடவுக்குப் போய் இளைத்தேன், முப்பத்திநாலு. நடவை நிறுத்தி, உட்கார்ந்து தின்று ஊதினேன், அப்போதும் முப்பத்திநாலு. காரணம், கடையில் நிற்பவர் ஆம்பிளை. என்னை அக்கா என்று கூப்பிடுகிறவர். திடீரென்று அவரிடம் போய் முப்பத்தெட்டு கொடுங்கள் என்றால், நான் எங்கே எவ்வளவு பெருத்தேன் என்று அவருக்கு நானே தண்டோரா போட்ட மாதிரி ஆகிவிடாதா? அவரும் நான் வாயைத் திறப்பதற்குள் பழைய பேப்பரில் சுற்றி நீட்டிவிடுவார். இரண்டு பேருடைய மானமும் தப்பிக்கும்.

உடம்புதான் தப்பிக்கவில்லை. அறுபது தாண்டியதும் கை பின்னால் எட்டவில்லை. கொக்கியை முன்பக்கம் மாட்டி, செக்கு மாடு சுற்றுகிற மாதிரி பின்னுக்குச் சுற்றி, அப்புறம் கையை நுழைப்பேன். அதற்குள் அடுப்பில் பால் பொங்கி வழிந்திருக்கும். தோள் இரண்டிலும் வாய்க்கால் வெட்டியது போலப் பள்ளம். துவைத்தால் கொடியில் புடவைக்கு அடியில் ஒளித்துக் காயப் போடுவேன். அது எங்கே காயும்? ஈரத்தோடு மாட்டிக்கொண்டு, நாள் பூராவும் யாருக்கும் தெரியாமல் சுவரில் முதுகைத் தேய்ப்பேன்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் சீர்காழியில் இருக்கும் மகள் செல்வி வீட்டுக்குப் புறப்பட்டேன். திருவாரூரில் பஸ் மாறி உட்கார்ந்தேன். ஊரைத் தாண்டியதும் பஸ் ஒரு பள்ளத்தில் குதித்தது. முதுகில் டப்பென்று ஒரு சத்தம். கொக்கி போயே போச்சு. இரண்டு முழங்கையையும் விலாவோடு இறுக்கிக்கொண்டு பொம்மை மாதிரி உட்கார்ந்துவிட்டேன். கண்டக்டர் டிக்கெட் கேட்கிறார். சுருக்குப்பை இடுப்பில் இருக்கிறது. கையை எடுத்தால் அல்லவா பையை எடுக்கலாம்!

"ஏம்மா, கைக்கு என்னாச்சு? வாதமா?"

"ஆமாந்தம்பி" என்றேன்.

பாவம், நல்ல மனுஷன். பஸ் பூராவுக்கும் சொல்லிவிட்டார். பக்கத்தில் இருந்த அம்மாள் என் பையிலிருந்து எடுத்து டிக்கெட் வாங்கிக் கொடுத்து, மாயவரம் வரும் வரை வாதத்துக்கு எண்ணெய் காய்ச்சும் விதம் சொன்னார். நானும் தலையாட்டிக்கொண்டே வந்தேன். தலை ஒன்றுதான் ஆட்டக்கூடியதாக இருந்தது.

அதோடு பஸ் ஏறுவதையே விட்டேன். செல்வி புது வீடு கட்டிக் குடிபோனாள். கால்வலி என்று சொல்லி நான் போகவில்லை. பொங்கலுக்குக் கூப்பிட்டாள். தலைசுற்றல் என்றேன். ஒரு நாள் போனில் பிடித்துக்கொண்டாள்.

"கல்யாணத்தப்ப அவங்க வீட்டுல ஒன்னைய மதிக்கலன்னு இன்னும் மனசுல வச்சிருக்க. அதானேம்மா என் வாசல மிதிக்க மாட்டேங்கற?"

"அய்யோ, அதெல்லாம் இல்லடி."

"அப்ப என்னதான்மா?"

மாப்பிள்ளை பக்கத்தில் இருமுகிற சத்தம் கேட்டது. நான் எப்படிச் சொல்வேன்? அவள் போனை வைத்துவிட்டாள். அதற்கப்புறம் ஒரு மாசம் போனே வரவில்லை. பெற்ற பெண்ணை ஒரு கொக்கிக்காக இழந்த ஒரே தாய் நானாகத்தான் இருப்பேன்.

அதனால்தான் அளவம்மாவிடம் போனேன். குவைத்தில் பல வருஷம் தையல் வேலை பார்த்துத் தனியாளாகத் திரும்பியவர், வீட்டின் முன்னறையைப் பெண்களுக்கான உள்துணிக் கடை ஆக்கியிருந்தார். தலையில் முக்காடு, கழுத்தில் டேப்பு. அவர் கடையில் நினைத்ததை வாங்கிக்கொண்டு போக முடியாது. போட்டுக்கொண்டு, அவரவர் வேலையை அங்கேயே செய்து காட்ட வேண்டும். மீன்காரப் பெண் கூடையைத் தலையில் தூக்கி இறக்க வேண்டும். நடவாட்கள் குனிந்து, இல்லாத நாற்றைத் தரையில் நட்டுக்கொண்டே பின்னால் நகர வேண்டும். ஒரு டீச்சரைச் சுவரில் எழுத வைத்தாராம். நான் போனபோதும் ஒன்பதாம் வாய்ப்பாடு பாதி வரை அங்கே இருந்தது.

"என்ன வேணும்க்கா?"

"முப்பத்திநாலு" என்றேன், வாய்ப்பாட்டைப் பார்த்துக்கொண்டே.

"நம்பரு வீட்டு வாசலுக்குத்தாங்க்கா. ஒடம்புக்கு டேப்பு. கையத் தூக்குங்க."

திரைக்குப் பின்னால் அழைத்துப் போய் டேப்பைச் சுற்றினார். "நாப்பது!" என்றார். வாசலில் போன ஆட்டோ வேகம் குறைந்ததாக எனக்குத் தோன்றியது.

"மெதுவாம்மா."

"எதுக்கு மெதுவா? நாப்பதுதானே? கொலையா பண்ணிட்டீங்க?"

என் பழசை வாங்கி எக்ஸ்ரே படம் பார்ப்பது போல வெளிச்சத்தில் பிடித்தார். "தோளா சொமக்கும்? கீழ இருக்க பட்டைதான்க்கா சொமக்கணும். தூண எடுத்துட்டு வீட்டக் கயித்துல கட்டித் தொங்கவிட்ட கதையால்ல இருக்கு! இந்த வயசுல கம்பியெல்லாம் வேணாம். பருத்தி, அகலத் தோள்பட்டை, முன்னாடி கொக்கி. புதுசுல கடைசிக் கொக்கியில மாட்டுங்க. பட்டைக்குள்ள ரெண்டு வெரலு போவணும். வெயில்ல காயப் போடுங்க. மேல எதையும் போட்டு மூடாதீங்க. சரி, இதப் போட்டுக்கிட்டு எங்க போவணும்?"

"சீர்காழிக்கு" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "மக வீட்டுக்கு. அவ என்னோட பேசறதில்ல" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது.

அளவம்மா ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டார். "போட்டு, மேல ரவிக்கை புடவையெல்லாம் கட்டிட்டு வந்து உக்காருங்க. சீர்காழிக்குப் போய்ப் பாத்துருவோம்."

உட்கார்ந்தேன். பின்னால் நின்று நாற்காலியைப் பிடித்துக் குலுக்க ஆரம்பித்தார். இடையிடையே மற்ற வேலையைப் பார்த்துவிட்டு, திரும்ப வந்து குலுக்கினார். ஒரு மணி நேரம்!

"திருத்துறைப்பூண்டி! தோளு வலிக்குதா?"

"இல்லம்மா."

"திருவாரூரு! அரிக்குதா?"

"இல்ல."

அதற்குள் இரண்டு பெண்கள் கடைக்குள் வந்தார்கள். எனக்கு உயிர் போய்விட்டது. "குறுக்க நிக்காதீங்க, அக்கா மக வீட்டுக்குப் போறாங்க" என்றார் அளவம்மா. ஒருத்தி சட்டென்று என் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, "நான் மாயவரத்துல எறங்கிக்கறேன்" என்றாள்.

அந்த மாயவரத்தில்தான் இடது கக்கத்தில் லேசாக அறுத்தது. வெட்கத்தில் சொல்லாமல் நெளிந்தேன். அளவம்மா கண்ணுக்கா தப்பும்? "பஸ்ஸு பிரேக்டவுன்! எறங்குங்க!" வேறு ஒன்றைக் கொடுத்து, மறுபடி முத்துப்பேட்டையிலிருந்து கிளப்பினார். இந்தத் தடவை எந்த ஊரிலும் ஒன்றும் செய்யவில்லை. உண்மையைச் சொன்னால், நடுவில் கண்ணயர்ந்துவிட்டேன்.

"சீர்காழி வந்தாச்சு! எழுந்து மகளக் கட்டிப் புடிங்க."

எழுந்தேன். எதிரே அவர்தான் நின்றார். ஒரு மாதிரியாகக் கையை நீட்டினேன்.

"நல்லா இறுக்கிப் புடிங்க. கொக்கி நிக்குதான்னு பாக்கணும்ல?"

இறுக்கிப் பிடித்தேன். கொக்கி நின்றது. எனக்குத்தான் மூக்கு ஒழுகியது.

மறுநாளே நிஜ பஸ்ஸில் போய் இறங்கினேன். கதவைத் திறந்த செல்வி வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. அடுப்படிக்கு இழுத்துப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். வாதத்து எண்ணெய் வரைக்கும்.

"இதுக்காம்மா ரெண்டு வருஷம்? நான் என்னென்னவோ நெனச்சு அழுதேனேம்மா!" என்று என் முதுகில் ஓர் அடி போட்டாள். சிரித்தாள். என் முந்தானையிலேயே முகத்தைத் துடைத்தாள். பிறகு கூடத்துப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டு, "நானும் இன்னம் நீ மொதல்ல வாங்கிக் குடுத்த அதே நம்பருதாம்மா போடறேன்" என்றாள். என் பெண் என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

ஊர் திரும்பியதும் அளவம்மா கடைக்குப் போனேன்.

"என்னக்கா, கொக்கி போச்சா?"

"இல்லம்மா. சீர்காழி போயிட்டு வந்தேன்."

"மக பேசுச்சா?"

"பேசுனா. அடுத்த வாரம் இங்க வர்றா."

அவர் திரும்பி, ஒழுங்காக அடுக்கியிருந்த அட்டைப் பெட்டிகளைக் கலைத்து, மறுபடி அடுக்கிக்கொண்டிருந்தார். அந்த வீட்டுக்கு அப்படி வர யாரும் இல்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. எனக்கு அன்றைக்கு அங்கே வாங்க வேண்டியது எதுவும் இல்லை. இருந்தாலும் மத்தியானம் அவர் கடையைச் சாத்தும் வரை அந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டுத்தான் வந்தேன்.