வெறுந்தண்ணீரில் ஒளிர்ந்தவர்கள்

அன்று இருட்டறையில் இருந்தவர்கள்: நான், லேப் மேடம், கிளிக் அண்ணாச்சி. மற்றவர்களின் எண்ணிக்கைதான் தகராறு. நானும் முழுசாக அங்கே இல்லை. வீட்டில் மூன்று வயது மகளுக்கு இரண்டு நாளாகக் காய்ச்சல்.

கிளிக் அண்ணாச்சியைப் போல எண்ணுகிற மனிதர் தென்காசியில் மட்டுமல்ல, எங்கேயும் கிடையாது. தண்ணீரில் வைரஸ் எண்ணும் லேபில் அவர் டெக்னீஷியன். எட்டாவதோடு நின்றுவிட்ட நான், பைக்கில் போய்த் தண்ணீர் பிடித்து வருகிறவன். அவர் கட்டைவிரலுக்கடியில் எப்போதும் ஒரு கிளிக்கர். ஒரு அமுக்குக்கு ஒரு எண் ஏறும். குற்றாலத்துக் குரங்குகளை எண்ணுவார். ஆய்க்குடியில் துட்டி கேட்கப் போன ஒரு சாவு வீட்டில் உட்கார்ந்திருந்தவர்களை எண்ணிவிட்டு, "ஒண்ணு கூடுதே" என்று மறுபடி எண்ணினார். பந்தலே காலியாகிவிட்டது.

லேபில் ஒரு கறுப்புப் பெட்டி, உள்ளே லேசர். தண்ணீர்த் துளியை விட்டால், கண்ணுக்குத் தெரியாத வைரஸ்கள் திரையில் வெள்ளைப் புள்ளிகளாக நடுங்கி மிதக்கும். பெட்டியே எண்ணிவிடும், அண்ணாச்சி நம்பாமல் தானும் எண்ணுவார். தினமும் முதலில் சுத்திகரித்த வெறுந்தண்ணீரை விட வேண்டும். திரை இருட்டாக இருந்தால்தான் வேலை தொடங்கும்.

அன்று திரை இருட்டாக இல்லை.

"மேடம், வெறுந்தண்ணியில ஊரே கூடி நிக்கி."

கிளிக், கிளிக், கிளிக். நாலு இலக்கமும் தீர்ந்து கிளிக்கர் பூஜ்யத்துக்குத் திரும்பியது. புள்ளிகள் எங்களை உற்றுப் பார்ப்பதுபோல் இருந்தது.

"ஏலே, இந்தத் தண்ணி எங்கன புடிச்ச?"

"கேன் தீர்ந்துட்டு அண்ணாச்சி... அருவியில. மூலிகைத் தண்ணில்லா, அதவிடச் சுத்தம் ஏதுன்னு..."

மேடம் தலையில் கைவைத்தார். எனக்கு வேலை போவது கவலையில்லை. மகளுக்கும் அதே தண்ணீரைத்தான், காய்ச்சாமல், புகட்டியிருந்தேன். அதைச் சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

"அழாதலே. இதுல முக்காவாசி பாக்டீரியாவத் திங்கிற வைரஸு. மனுசன ஏறெடுத்தும் பாக்காது."

"மீதிக் கால்வாசி?"

அண்ணாச்சி பெட்டியை அணைத்துவிட்டு வெளியே வந்தார். "வண்டிய எடு" என்று பின்னால் ஏறிக்கொண்டார்.

மகளைத் தூக்கிப் போய்க் காட்டியதற்கு டாக்டர், "சளிக் காய்ச்சல்தான், மூச்சு வேகமாகுதான்னு பாத்துக்கோங்க" என்றார். இது போதாதா அண்ணாச்சிக்கு? வீட்டில் பக்கத்திலேயே உட்கார்ந்து, மகள் நெஞ்சு ஏற ஏறக் கிளிக்கரை அமுக்கினார். நிமிஷத்துக்கு முப்பத்தெட்டு. முப்பத்துமூன்று. சாயங்காலம் வேர்த்துக் காய்ச்சல் விட்டபோது இருபத்தாறு.

"இனி நீயே எண்ணு" என்று கிளிக்கரை என் கையில் வைத்துவிட்டு, சாரலில் நடந்தே போனார்.

இப்போது அவர் சிவகிரியில். மகள் பள்ளிக்கூடம் போகிறாள். கிளிக்கரில் இன்னும் இருபத்தாறுதான் நிற்கிறது. யாரையும் அமுக்க விடுவதில்லை.