மாமா, யார் வந்தாலும் மறுத்துவிடாதீர்கள்

பெருமதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு,

உங்கள் மகளைக் கட்டிய மருமகன் வணங்கி எழுதுவது. இங்கே உங்கள் மகளும் பிள்ளைகளும் சுகம். நான் மட்டும் சுகமில்லை, அதற்குக் காரணம் உடம்பு அல்ல. உங்கள் மூட்டுவலி குறைந்திருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன், ஏனென்றால் கொஞ்ச நாளைக்கு நீங்கள் அடிக்கடி எழுந்து போய்க் கதவைத் திறக்க வேண்டியிருக்கும்.

விஷயத்துக்கு வருகிறேன். என் ஜன்னல் திரைக் கடையில் ஈ ஓட்டலாம் என்றால் ஈகூட வருவதில்லை. அதனால் பல தொழில்காரர்களைச் சேர்த்து ஒரு சங்கம் ஆரம்பித்தேன். உன் வாடிக்கையாளரை எனக்கு அனுப்பு, என்னுடையவரை உனக்கு அனுப்புகிறேன், அவ்வளவுதான் சங்கம். அதோடு சும்மா இருந்திருக்கலாம். தலைவனாச்சே என்று எழுந்து நின்று, "ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஆளுக்கு ஒரு சிபாரிசாவது கொண்டு வரணும், வெறுங்கையோட வர்றவங்க வெளியே போயிடணும்" என்று சட்டம் போட்டேன். எல்லோரும் கைதட்டினார்கள். தவளை தன் வாயால் கெடும் என்பார்களே, அந்தத் தவளை நான்தான். வாடிக்கையாளர் இல்லாமல்தானே சங்கமே ஆரம்பித்தேன், சிபாரிசுக்கு நான் எங்கே போவேன்?

முதல் கூட்டத்தில் பல் டாக்டர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். என் வாயில் வந்தது உங்கள் பெயர். உங்கள் வாயில் இருப்பது பூராவும் கட்டின பல் என்பது எனக்குத் தெரியாதா? தெரியும் மாமா. அவசரத்துக்கு வேறு ஆள் அகப்படவில்லை. அடுத்த கூட்டத்தில் பூச்சி மருந்துக்காரர். உங்கள் வீட்டு நிலைக்கதவைக் கரையான் அரிப்பதாகச் சொல்லிவிட்டேன், அரிக்கவில்லை என்றால் மன்னியுங்கள். இரண்டு பேரும் வந்து போயிருப்பார்கள்.

இனிமேல்தான் பயமே. சங்கத்தில் ஒரு பில்டர் இருக்கிறார். "நான் கட்டுற அடுக்குமாடிக்கு அத்தனை ஜன்னல் திரையும் உங்களுக்கே தர்றேன் சார், இடிச்சுக் கட்டுற மாதிரி ஒரு பழைய வீடு காட்டுங்க" என்றார். "எங்க மாமனார் வீடு இருக்கே!" என்று ஒரு குரல் கேட்டது. திரும்பிப் பார்த்தால் பின்னால் யாருமில்லை, பேசினது நான்தான். ஐயோ மாமா, சனிக்கிழமை அவர் டேப்போடு வருகிறார். இந்த ஆர்டர் கைநழுவினால் கடையை இழுத்து மூட வேண்டியதுதான், உங்கள் மகளிடம் இன்னும் சொல்லவில்லை. அதனால் அவரை விரட்டிவிடாதீர்கள். அதற்காகச் சரி என்றும் சொல்லித் தொலைக்காதீர்கள். "யோசிச்சுச் சொல்றேன் தம்பி"ன்னு மட்டும் சொல்லுங்க, தண்ணி கொடுங்க, அனுப்பிடுங்க. அது போதும்.

உங்கள் ஆசி எங்கள் தலைமேல் இருக்கட்டும். உங்கள் கூரையும் உங்கள் தலைமேலேயே இருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்களை நம்பித் தினமும் கடை திறக்கும்
மருமகன்

பி.கு.: உறையை ஒட்டப் போனேன், பில்டர் போன் செய்துவிட்டார். சனிக்கிழமைவரை பொறுக்காமல் இன்றே உங்களைப் பார்த்துவிட்டாராம். "தங்கமான மனுஷன் சார் உங்க மாமனார்! கேட்ட உடனே சரின்னுட்டார். கட்டி முடிக்கிற வரைக்கும் மக வீட்ல இருந்துக்குறேன்னார். திரை ஆர்டர் உங்களுக்குத்தான்." குதிப்பதா அழுவதா தெரியாமல், "ஏன் சரின்னார்?" என்று கேட்டேன். "பல் டாக்டர், பூச்சி மருந்துக்காரர், நான்னு வரிசையா ஆளுங்க வந்தோமில்ல? இந்த வீட்ல பேச்சுக்குரல் கேட்டு எவ்வளவு நாளாச்சுன்னு சொல்லிச் சொல்லிச் சந்தோஷப்பட்டார் சார்" என்றார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. மேலே எழுதியது எதையும் படிக்காதீர்கள் மாமா, புறப்பட்டு வாருங்கள். போன் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்த உங்கள் மகள் அதற்குள் நான் துணி வெட்டும் அறையை உங்களுக்காகக் காலி செய்துவிட்டாள், மேசை வாசலில் நிற்கிறது. "இத்தனை திரையையும் நான் எங்கேடி வச்சுத் தைப்பேன்?" என்று கேட்டால், "அப்பா வரட்டும், அவர்கிட்டயே கேளுங்க. உங்க சங்கத்துல உங்களைவிட அவருக்குத்தான் எல்லாரும் பழக்கம்" என்கிறாள்.