மூன்று இஞ்சி இறக்கம்

ஒரு நாட்டின் நாகரிகம் எவ்வளவு உயர்ந்தது என்பதை, அந்த நாட்டின் கார்கள் தரையிலிருந்து எவ்வளவு தாழ்ந்திருக்கின்றன என்பதைக் கொண்டே அளக்க வேண்டும். இந்த மாபெரும் உண்மையை 2003ஆம் ஆண்டில் கண்டறிந்து உலகுக்கு வழங்கியவர், தெஹியோவிட்டைக்கு மேலே உள்ள ஹபுகொல்லை இறப்பர் தோட்டத்தின் பெரிய கிளாக்கர் திரு. ஏரம்பமூர்த்தி. உலகம் இன்னும் அவருக்கு நன்றி சொல்லவில்லை. தோட்டம் சொல்லிவிட்டது. அந்த நன்றியைத் தாங்க முடியாமல்தான் இன்றைக்கும் அவர் இந்தக் கதையைத் தானே சொல்லித் தானே சிரித்துக்கொள்கிறார்.

மூர்த்தியிடம் இருந்தது "ஸ்போர்ட்ஸ்" கார். இரண்டு கதவு, சிவப்பு நிறம், வயது இருபத்தாறு. உதவி மனேஜராக இருந்து மாற்றலாகிப் போன ஒரு சின்னத்துரை, நாயையும் பூச்சட்டிகளையும் கவனமாக லொறியில் ஏற்றிக்கொண்டு, காரை மட்டும் விட்டுவிட்டுப் போனார். மற்றவர்கள் அதிலிருந்தே விஷயத்தைப் புரிந்துகொண்டார்கள். மூர்த்தி காரை வாங்கிக்கொண்டார்.

எதற்கும் கோப்புத் திறக்கிறவர் அல்லவா? காருக்கும் ஒன்று திறந்தார். அட்டையில் "வாகன மேம்பாட்டுத் திட்டம்" என்று எழுதி இரண்டு கோடு போட்டார். முதலாம் கட்டத்தில் அகலமான சில்லுகள் வந்தன. இரண்டாம் கட்டத்தில் சைலன்ஸர் மாற்றப்பட்டது. சைலன்ஸர் என்றால் சத்தத்தைக் குறைப்பது என்று அதுவரை நம்பியிருந்த தோட்டத்து மக்கள் அன்றோடு தெளிவு பெற்றார்கள். கூடவே, பின்புறத்தில் ஒரு இறக்கையும் பூட்டப்பட்டது. வேகத்தில் கார் மேலே கிளம்பிவிடாமல் அது அமர்த்திப் பிடிக்குமாம். தோட்டத்துப் பாதையில் கார் மணிக்குப் பன்னிரண்டு கிலோமீற்றர் வேகத்தில் ஓடியது. ஒருநாளும் மேலே கிளம்பவில்லை. ஆகவே இறக்கை திருப்திகரமாக வேலை செய்தது.

மனைவி நாகேஸ்வரிக்கு மட்டும் திருப்தி இல்லை.

"உதுக்குள்ள ஏறி இறங்கிறதெண்டால் நான் முதல்ல யோகாசனம் பழகவேணும். நான் பஸ்ஸிலயே போறன்."

"உமக்கு ரசனை இல்லையப்பா," என்றார் மூர்த்தி.

மூன்றாம் கட்டத்துக்காகக் கார் மாவனல்லைக்குப் போனது. அங்கே பளீல் பாஸ் என்ற மெக்கானிக், காரைச் சுற்றி மூன்று தரம் நடந்து, தாடியைத் தடவினார்.

"சேர், ஸ்பிரிங்க வெட்டி மூணு இஞ்சி எறக்குவோம். காரு தரையோட ஒட்டிக்கிட்டு போகும். பாக்கிற ஆக்கள் ரெண்டு தரம் திரும்பிப் பாப்பாங்க."

"ரெண்டு தரமோ?"

"ஓம் சேர். காரு போகக்குள்ள ஒரு தரம். நிண்டதுக்குப் பொறகு ஒரு தரம்."

மூர்த்தி இதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார். ஸ்பிரிங் வெட்டப்பட்டது, கார் மூன்று அங்குலம் தாழ்ந்தது.

இந்த இடத்தில் பாதையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பெருந்தெருவிலிருந்து தொழிலாளர் குடியிருக்கும் லயங்களைத் தாண்டி மூர்த்தியின் குவார்ட்டர்ஸ் வரை போவது ஒரே பாதை. அதில் ஒரு இறக்கம். அந்த இடத்தில் மழை அரித்து அரித்துப் பாதிப் பாதை ஓடைக்குள் போய்விட்டது. மீதிப் பாதியில் கற்கள் துருத்திக்கொண்டு நின்றன. கார் நெளிந்து போய்விடும், லொறி போகாது. லயத்தில் யாருக்காவது சுகமில்லை என்றால் கம்பளியில் கட்டிப் பெருந்தெரு வரை தூக்கிக்கொண்டுதான் போக வேண்டும். இதற்காகத் தொழிலாளர்கள் ஆறு வருடங்களுக்கு முன்பே மனுக் கொடுத்திருந்தார்கள். தொழிற்சங்கத் தலைவர் இராமசாமி எழுதிய மனு: "லயத்துக்கு வரும் இரக்கத்தில் பாதை உடைந்துள்ளது."

தமிழில் பிழை பொறுக்காத மூர்த்தி அதைச் சிவப்புப் பேனாவால் திருத்தித் திருப்பி அனுப்பினார். "இரக்கம் என்றால் தயவு. பாதையில் உள்ளது இறக்கம். திருத்தி அனுப்பவும்." திருத்தி அனுப்பினார்கள். அன்றிலிருந்து மனு "பரிசீலனையில்" இருந்தது. பிழையில்லாத மனு என்பதால் அதை அவர் மிகவும் பத்திரமாக வைத்திருந்தார்.

மாவனல்லையிலிருந்து திரும்பி வந்த அன்று, பத்து மணி வெயிலில், கார் அந்த இறக்கத்தில் ஒரு கல்லின் மேல் ஏறி அடைகாக்கும் கோழி மாதிரி உட்கார்ந்துகொண்டது. பின் சில்லு இரண்டும் சும்மா சுற்றின. சைலன்ஸர் ஊரையே கூப்பிட்டது. லயத்திலிருந்து ஆறு பேர் வந்து, "ஏலேலோ" போட்டுத் தூக்கிக் காரை அந்தப் பக்கம் வைத்தார்கள். இறப்பர் பால் வெட்டும் ஜெயம்மா வாளியோடு நின்று பார்த்தாள். பக்கத்தில் அவளுடைய மகள் கோகிலா நின்றாள். அவளுக்கு நிறைமாதம் நெருங்கிக்கொண்டிருந்தது, தலைப்பிரசவம்.

"ஐயா, காரத் தூக்குறது லேசுங்க," என்றாள் ஜெயம்மா. "புள்ளத்தாச்சியத் தூக்கிட்டுப் போறதுதான் பயமா இருக்கு. ரோட்டு விசயம் என்னாச்சுங்க?"

"பரிசீலனையில இருக்கு," என்றார் மூர்த்தி, காரின் வயிற்றைக் குனிந்து பார்த்தபடி.

அந்த வாரத்தில் கார் மேலும் மூன்று முறை தூக்கப்பட்டது. நான்காம் முறை ஒயில் தட்டு உடைந்து, பாதை நெடுகக் கறுப்புக் கோடு போட்டது. பளீல் பாஸ் மாவனல்லையிலிருந்து பஸ் பிடித்து வந்து, நிலைமையை நேரில் ஆராய்ந்து தீர்ப்புச் சொன்னார்.

"ரெண்டே வழி சேர். ஒண்டு, கார ஒசத்தணும். இல்லாட்டி, றோட்ட ஒசத்தணும்."

காரை உயர்த்துவது திட்டத்துக்குப் பின்னடைவு. அடுத்த நாள் காலை மூர்த்தி அலுமாரியைத் திறந்து மனுவை எடுத்தார், தூசி தட்டினார், "மிக அவசரம்" என்று முத்திரை குத்தினார், நேரே தோட்ட மனேஜரான துரையின் மேசையில் வைத்தார். சிங்களவரான துரைக்குத் தோட்டத் தமிழ் நன்றாகவே வரும். மனுவைப் படித்தார், கையெழுத்துப் போட்டார். எல்லாம் இரண்டு நிமிடம். பிறகுதான் திகதியைப் பார்த்தார்.

"மிஸ்டர் மூர்த்தி, இது ஆறு வருஷத்துக்கு முந்தின கடுதாசி. ஏன் எங்கிட்ட வரல்ல?"

"பரிசீலனையில இருந்தது, சேர்."

"யார் பரிசீலிச்சது?"

மூர்த்தி அலுவலகத்தைச் சுற்றிப் பார்த்தார். வேறு யாருமில்லை. அன்றைக்கு அவருக்கு உண்மையாகவே வெட்கமாக இருந்தது. இருந்தாலும், ஒயில் தட்டின் ஞாபகம் வந்ததும் வெட்கம் கொஞ்சம் குறைந்தது.

எட்டே நாளில் வேலை முடிந்தது. ஓடைப்பக்கம் கல்லணை கட்டி, மேடு பள்ளம் நிரவி, பாதை அகலமாகியது. வேலையை மேற்பார்வை பார்க்க மூர்த்தி ஒருநாளும் தவறவில்லை. இராமசாமிக்கோ ஆச்சரியம் தாங்கவில்லை.

"ஐயா, ஆறு வருசமா இல்லாதது எப்படிங்க திடீர்னு?"

மூர்த்திக்கு ஒரு நிமிடம் நேர்மை வந்தது. "எல்லாம் இந்த மூண்டு இஞ்சி இறக்கத்தால வந்தது, தலைவர்," என்று முணுமுணுத்தார்.

வேலை முடிந்த மூன்றாம் நாள் காலையில் கோகிலாவுக்கு வலி கண்டது. தோட்டத்து லொறி லயத்து வாசலிலேயே வந்து நின்றது. அவள் நடந்து வந்து ஏறினாள். மத்தியானம் ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை, தாயும் சேயும் சுகம். செய்தி வந்தபோது மூர்த்தியின் கண் கலங்கிவிட்டது. அது ஏன் என்று அவரே பரிசீலிக்கவில்லை.

அடுத்த மாதம் பாதைத் திறப்பு விழா. தோரணம், மேளம், மாலை. மூர்த்தி காரிலேயே வந்து, கல்லில் தட்டாமல் வழுக்கிக்கொண்டு இறங்கினார். எல்லோரும் கைதட்டினார்கள். இராமசாமி பலகையின் திரையை விலக்கினார்.

"பெரிய கிளாக்கர் ஐயாவின் மூன்று இஞ்சி இரக்கத்தால் திருத்தப்பட்ட பாதை."

இரக்கத்தை யாராவது இஞ்சியில் அளப்பார்களா என்று இராமசாமி யோசிக்காமல் இல்லை. படித்த ஆட்கள் அப்படித்தான் அளப்பார்கள் போலிருக்கிறது என்று விட்டுவிட்டார். மூர்த்தியின் கை தன்னையறியாமல் சட்டைப் பையில் இருந்த சிவப்புப் பேனாவுக்குப் போனது. அந்த ஒரு எழுத்தைத் திருத்தினால் முழு உண்மையும் வெளியே வந்துவிடும். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு எழுத்துப்பிழையை அப்படியே விட்டுவிட்டு, கழுத்தை நீட்டி மாலையை வாங்கிக்கொண்டார்.

கூட்டம் கலைந்தபோது ஜெயம்மா பேத்தியைத் தோளில் சாய்த்துக்கொண்டு காருக்குப் பக்கத்தில் வந்தாள்.

"ஐயா, இன்னொரு விசயம்ங்க. புள்ளமடுவத்துக் கூரை நாலு வருசமா ஒழுகுது."

தாய்மார் மலைக்கு வேலைக்குப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுச்செல்லும் கட்டிடம் அது.

"மனு எழுதிக் குடுங்கோ," என்றார் மூர்த்தி, பழக்க தோஷத்தில். "நான் உடனே பாக்கிறன்."

"தலைவரும் அப்படித்தான் சொன்னாருங்க. நாந்தான் மனு வேணாம்னுட்டேன்." ஜெயம்மா சிவப்புக் காரை ஒருமுறை பாசத்தோடு தடவிக் கொடுத்தாள். "இந்த மழை முடியிற வரைக்கும் ஐயா காரைக் கொண்டாந்து புள்ளமடுவத்துக்குள்ள நிப்பாட்டுங்க. புள்ளைங்க நனைஞ்சா ஆறு வருசமாகும். காரு நனைஞ்சா எட்டு நாள்ல கூரை வந்துரும்ங்க."