ஆறு வெள்ளை, பதினான்கு செவலை

அன்பும் மரியாதையும் என்றும் மாறாத அண்ணிக்கு,

வணக்கம். இந்த நேரங்கெட்ட நேரத்தில் எழுத உட்கார்ந்ததற்கு முதலில் மன்னித்துவிடுங்கள். உங்கள் மருமகன் இப்போதுதான் கண்ணை மூடினான். அவன் பிறந்து இரண்டு வருஷமாகிறது, அவனுடைய தூக்கம் மட்டும் இன்னும் பிறக்கவில்லை. அங்கே நீங்களும் அண்ணாவும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே மனிதர்கள் எல்லாரும் சுகம். ஆடுகளில் பதினான்கு சுகம், ஆறு சுகமில்லை. அந்தப் பதினான்குக்கும் ஆறுக்கும் நடுவில் உங்கள் தம்பி நிற்கிறார். அவரைப் பிடித்து இழுக்கத்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லலாம்தான், ஆனால் இந்த வீட்டில் போனில் பேசுவதும் மொட்டைமாடியில் நின்று கூவுவதும் ஒன்று. காலையில் பால் வண்டிக்காரர் உங்கள் பக்கம் வருகிறார், அவரிடம் கொடுத்தனுப்புகிறேன். நீங்கள் கால்நடை மருத்துவர் என்பதற்காக மட்டும் எழுதவில்லை. உங்கள் தம்பி இந்த உலகத்தில் யாராவது ஒருவர் பேச்சைக் கேட்பாரென்றால் அது உங்கள் பேச்சு.

விஷயம் இதுதான். வருகிற ஞாயிற்றுக்கிழமை வியாபாரி வண்டியோடு வந்து மாமாவின், அதுதான் உங்கள் அப்பாவின், செவலை ஆடுகள் பதினான்கையும் ஏற்றிக்கொண்டு போகப் போகிறார். உங்கள் தம்பி வாக்குக் கொடுத்துவிட்டார். அதை எப்படியாவது நிறுத்த வேண்டும்.

எல்லாம் அந்த இரண்டு நாள் ஆடு வளர்ப்புப் பயிற்சியில் ஆரம்பித்தது. போனவர் ஒரு நோட்டோடு திரும்பி வந்தார். நான் பிரித்துப் பார்த்தவரைக்கும் அதில் ஒரு ஆட்டின் படமும் மதியச் சாப்பாட்டு டோக்கனும்தான் இருந்தன. அடுத்த மாதமே வெளியூரிலிருந்து ஆறு சினையாடுகள் வந்து இறங்கின. பெரிய இனம், வெள்ளை வெளேரென்று, ஒவ்வொன்றும் மெத்தைக்குக் கால் முளைத்த மாதிரி. நம் செவலைகள் தப்பான கல்யாண வீட்டுக்குள் நுழைந்துவிட்டவர்கள் போல ஓரமாக ஒதுங்கி நின்று பார்த்தன. வெள்ளைகள் வந்தன, குட்டி போட்டன, எல்லாரும் சந்தோஷப்பட்டோம். அப்புறம் ஒவ்வொன்றாகத் தலையைத் தொங்கப்போட ஆரம்பித்தது. ஒரு நாள் காலையில் பார்த்தால் மூன்று ஆட்டுக்குத் தாடைக்குக் கீழே பை கட்டித் தொங்கவிட்டது போல வீக்கம். நான் வேதியியல் படித்தவள் அண்ணி, எனக்குத் தெரிந்த வீக்கமெல்லாம் குழந்தைகளுக்கு வருவதுதான். பொன்னுக்குவீங்கி என்று நானே முடிவுகட்டி, தொற்றிவிடக் கூடாதென்று உங்கள் மருமகனை மூன்று நாள் அறைக்குள்ளேயே வைத்து, மணிக்கொரு தரம் அவன் தாடையைத் தடவிப் பார்த்தேன். கடைசியில் என் காலடிச் சத்தம் கேட்டாலே அவனாகவே மோவாயைத் தூக்கிக் காட்டுகிறான்.

மருந்துக்கடைக்காரர்தான் சொன்னார், "இது பொன்னுக்குவீங்கி இல்லம்மா, குடற்புழு. ரத்தத்தை உறிஞ்சிடும். ரத்தம் குறைஞ்சா தாடையில நீர் கோத்துக்கும்." சொல்லிவிட்டு ஒரு அட்டை கொடுத்தார். அதில் சிவப்பிலிருந்து வெள்ளை வரைக்கும் ஐந்து கட்டம். ஆட்டின் கீழ் இமையை இழுத்து உள்பக்கத்தை அட்டையோடு ஒப்பிட வேண்டும், சிவப்பாக இருந்தால் நல்லது, வெளுத்திருந்தால் மருந்து. செவலை பதினான்கும் சிவப்பு. வெள்ளை ஆறும் காகிதம். இதோடு நிறுத்தியிருக்கலாம். அட்டை கையிலிருக்கும்போது மனசு சும்மா இருக்குமா? மாமாவின் இமையை இழுத்துப் பார்த்தேன், ரத்தினம் மாதிரி இருந்தது. உங்கள் தம்பி தூங்கும்போது பார்த்தேன், அலறிக்கொண்டு எழுந்தார். உங்கள் மருமகனுக்குப் பார்த்தால் மூன்றாவது கட்டம்! விடிந்ததும் விடியாததுமாக ஆட்டோ பிடித்துக் குழந்தைகள் டாக்டரிடம் ஓடினேன். அவர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏம்மா, இதுல ஆட்டுப் படம் போட்டிருக்கே?"

"இருக்கட்டும் டாக்டர், ரத்தம் ரத்தம்தானே?"

அவர் சிரிக்கவில்லை. பையனை முழுதாகப் பார்த்துவிட்டு, "இவன் நல்லா இருக்கான். நீங்க கடைசியா எப்பம்மா ஒழுங்கா தூங்கினீங்க?" என்று கேட்டார். அதற்கும் இமைக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்குப் புரியவில்லை, வந்துவிட்டேன்.

இதற்கிடையில் உங்கள் தம்பிக்கு ஒரு ஞானோதயம். செவலைக்கு ஒன்றும் ஆகவில்லை, வெள்ளைக்குத்தான் ஆகிறது, அப்படியென்றால் செவலைதான் புழுவைப் புல்லெல்லாம் பரப்பிவிட்டு நல்ல பிள்ளை மாதிரி நிற்கிறது, அதை விற்றால் சரியாகிவிடும் என்றார். திருட்டுப்போகாத வீட்டுக்காரன்தான் திருடன் என்கிற மாதிரி இல்லையா இது? எனக்குத் தாங்கவில்லை. ஆய்வகத்தில் புழுக்கையைக் கொடுத்தால் அதிலிருக்கும் புழு முட்டையை எண்ணிச் சொல்வார்களாம். விடிகாலையில் கையுறை போட்டுக்கொண்டு, ஆட்டைப் பிடித்துப் பிடித்து, பால்மாவு டப்பாக்களில் தனித்தனியாகச் சேகரித்து, பேர் எழுதி ஒட்டி, கெட்டுவிடக் கூடாதென்று ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். வந்து பார்த்தால் மாமா டப்பாவும் கையுமாக நிற்கிறார். "ஏம்மா, இந்த உலர்ந்த திராட்சையெல்லாம் ஒரு மாதிரி வாடை அடிக்குதே, பையனுக்குக் குடுத்துடப் போறியேன்னு குப்பையில கொட்டிட்டேன்" என்கிறார். அவனுக்குக் கொடுக்காமல் மோந்து பார்த்தாரே, அந்த மட்டும் சரி. மறுபடி பட்டிக்கு ஓடினேன். இந்த முறை பொறுமையாகப் பிடிக்க நேரமில்லை. ஆறு வெள்ளையிலும் எடுத்தேன், செவலையில் வாசல் பக்கம் கைக்கு அடங்கி நின்ற ஆறிலும் எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

முடிவு வந்தது அண்ணி. வெள்ளைகளுக்குக் கிராமுக்கு நாலாயிரம் முட்டை. செவலைகளுக்கு இருநூறைத் தாண்டவில்லை. ஆய்வகத்து அம்மா என்னை உட்காரவைத்து நுண்ணோக்கியில் காட்டினார். "புழு உங்க செவலைக்குள்ளயும் போகுதும்மா, ஒரே புல்லுதானே மேயுது. ஆனா உள்ளே போனப்புறம் ஒரு வீட்ல விருந்து, இன்னொரு வீட்ல விளக்குமாறு. தலைமுறை தலைமுறையா இந்தப் புழுவோடயே குடித்தனம் பண்ணின இனம். தாங்கினது நின்னுச்சு, தாங்காதது போச்சு. வெள்ளைக்கு அந்தப் பழக்கம் இல்ல" என்றார். அப்போது புல்லில் முட்டையைக் கொட்டுவது யார்? வெள்ளைதானே! இந்தக் காகிதத்தை உங்கள் தம்பி முன்னால் நீட்டினேன். "சரி பாப்போம்" என்றார். அவருடைய "பாப்போம்" என்றால் என்னவென்று உங்களுக்குத் தெரியாததா?

அன்றிலிருந்து எனக்கு வேறொரு கவலையும் ஒட்டிக்கொண்டது. உங்கள் குடும்பத்தில் கீழே விழுந்ததை ஊதிவிட்டுத் தின்பார்கள், ஒன்றும் ஆகாது. எங்கள் குடும்பத்தில் மின்விசிறியை ஒரு எண் கூட்டி வைத்தால் நாலு பேருக்கு ஜலதோஷம். உங்கள் மருமகன் எந்த இனம்? போன வாரம் பட்டியில் மண்ணை வாயில் போட்டுக்கொண்டான், பாதி ராத்திரி வரைக்கும் அவன் வயிற்றின் மேலேயே கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உங்கள் தம்பியிடம் கேட்டால், "கலப்புதான். முடி உன்னது, வயிறு என்னது. படு" என்கிறார். இப்படிச் சொன்னால் எந்தத் தாய்க்குத் தூக்கம் வரும்?

ஆனால் என்னை விடுங்கள். மாமாவுக்காகத்தான் எழுதவே உட்கார்ந்தேன். வியாபாரி வந்து பேசிவிட்டுப் போனதிலிருந்து அவர் மகனை ஒரு வார்த்தை கேட்கவில்லை. சாயங்காலம் பட்டியில் போய் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துகொள்கிறார், செவலைகள் வந்து சுற்றி நிற்கின்றன. நேற்று சாப்பிடக் கூப்பிடப் போனேன். "அதுங்க மேல தப்பு இல்லைன்னு நீ கண்டுபிடிச்சியாமே?" என்று கேட்டார். ஆமாம் மாமா என்றேன். "எனக்கு அது போதும்மா" என்று எழுந்து வந்துவிட்டார். அவருக்குப் போதும், எனக்குப் போதாது. இரண்டு நாள் படித்துவிட்டு வந்து ஒன்றும் தெரிந்துகொள்ளாத உங்கள் தம்பியிடம் நீங்கள் கண்டிப்பாகச் சொல்லுங்கள், போக வேண்டியது வெள்ளைதான் என்று.

அண்ணாவுக்கு எங்கள் வணக்கம். பிள்ளைகள் நோய்நொடி இல்லாமல், நல்ல சிவந்த இமையோடு நீடூழி வாழட்டும்.

என்றும் உங்கள் அன்புள்ள,
தம்பி மனைவி

பின்குறிப்பு: உறையில் போடப் போகும்போது பின்னாலிருந்து ஒரு கை வந்து கடிதத்தை வாங்கிக்கொண்டது. உங்கள் தம்பி. நின்றபடியே எல்லாவற்றையும் படித்தார். இமையை இழுத்த இடத்தில் மட்டும் சிரித்தார். அப்புறம் கேட்டார், "செவலையில எந்த ஆறுல எடுத்தே?"

"வாசல்கிட்ட நின்னதுங்கள்ல."

"அது ஆறும் குட்டி இல்லாம சும்மா இருக்கிறது. வெள்ளை ஆறும் பால் குடுக்குது. குட்டி போட்டுப் பால் குடுக்கிற தாய்க்கு எந்த இனமா இருந்தாலும் எதிர்ப்புச் சக்தி இறங்கிடும், அந்த நேரம் பார்த்துப் புழு ஏறும். பயிற்சியில சொன்னாங்க. இனமும் ஒரு காரணம்தான், இல்லேங்கல. ஆனா நாலாயிரமும் இனத்தால வந்ததான்னு நீ எப்படிச் சொல்லுவே?"

நோட்டில் ஒன்றுமில்லையே என்றேன். "கேட்டுக்கிட்டிருந்தேன், எழுதல" என்றார். செவலை பரப்புகிறது என்று தான் சொன்னதும் அவசரம்தான் என்று அவராகவே ஒப்புக்கொண்டார். காலையில் வியாபாரியிடம் பேசி நிறுத்திவைப்பாராம், வெள்ளையா செவலையா என்பதை நீங்கள் சொன்ன பிறகுதான் முடிவு செய்வாராம். அப்புறம் தொட்டிலுக்குப் பக்கத்தில் பாயை விரித்துக்கொண்டு, "தாய்க்குச் சக்தி இறங்குறது ஆட்டுல மட்டும்தானா? ரெண்டு வருஷமா உன்னையும்தான் பாத்துக்கிட்டிருக்கேன். இன்னிக்கு அவன் எழுந்தா நான் பாத்துக்கிறேன், நீ உள்ளே போய்ப் படு" என்றார். நான் அழுதுவிட்டேன்.

அதனால் அண்ணி, அவர் ஒன்றும் தெரிந்துகொள்ளவில்லை என்று எழுதிய வரியை அடித்துவிட்டுப் படியுங்கள். வெள்ளைதான் போக வேண்டும் என்றதையும் அடித்துவிடுங்கள், பால் கொடுக்கிற தாய்களை எப்படி வண்டியில் ஏற்றுவது? செவலையில் இரண்டு ஆடுகள் குட்டியோடு இருக்கின்றன. அவற்றில் எடுத்துப் பார்த்தால் போதுமா, இல்லை குட்டிகள் பால் மறந்த பிறகு எல்லாவற்றுக்கும் ஒருமுறை எண்ண வேண்டுமா? மாமா காத்திருக்கிறார். தயவுசெய்து சீக்கிரம் பதில் போடுங்கள்.