அத்தானின் நூறு வேடங்களும் என் ஒரே முகமும்

ஷ்ரூஸ்பரி,
டிசம்பர் முதல் வாரம்.

அன்பும் பொறுமையும் நிறைந்த அக்கா ஹில்டாவுக்கு, உடன்பிறந்த ஒரே தம்பி பெர்னார்ட் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு நான் நலம், முழங்கால் மட்டும் நலமில்லை. உன் நலத்தையும் உன் ரோஜாச் செடிகளின் நலத்தையும் பூனையின் நலத்தையும் அறிய ஆவல். அத்தானின் நலத்தைப் பத்திரிகையில் படித்துத் தெரிந்துகொண்டுவிட்டேன்.

கிறிஸ்துமஸுக்கு அழைத்து நீ அனுப்பிய வாழ்த்து அட்டை வந்தது. பனியில் நிற்கும் குருவி படம் அழகாக இருக்கிறது. ஆனால் நான் வரப்போவதில்லை. இந்த வருடம் மட்டுமல்ல, உன் கணவர் லயனல் கார்ஸ்டாங் சினிமாவிலும் தொலைக்காட்சியிலும் நடிப்பதை நிறுத்தும்வரை உன் வீட்டு வாசற்படியை மிதிப்பதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். அவர் நிறுத்தமாட்டார் என்று தெரியும். ஆகவே இதை ஒரு விடைபெறும் கடிதமாகவே வைத்துக்கொள். காரணம் உனக்குத் தெரியும். தெரியாதது போல இருப்பது உன் பழக்கம் என்பதால் எழுதவேண்டியிருக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில் அத்தானைப் பற்றி ஒரு முழுப்பக்கம் வந்திருந்தது. பாதிரியார், கொலைகாரன், வங்கி மேலாளர், தளபதி, குடிகார மருத்துவர் என்று எத்தனை வேடங்கள், ஒன்றின் சாயல் இன்னொன்றில் உண்டா, நூறு முகம் படைத்த மனிதரல்லவா, இவர்களையெல்லாம் எங்கிருந்துதான் கண்டெடுக்கிறாரோ என்று எழுதியவர் மாய்ந்து மாய்ந்து போயிருக்கிறார். எங்கிருந்து என்று நான் சொல்கிறேன். உன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில், அவித்த முட்டைக்கோஸுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த என்னிடமிருந்து. நூறு முகமாவது! இருப்பது ஒரே முகம், அதுவும் என்னுடையது.

அந்தப் பாதிரியார், மனதுக்குப் பிடிக்காததைச் சொல்வதற்கு முன் தொண்டையைச் செருமுவாரே, அது யாருடைய தொண்டை? கொலைகாரன் ரயிலில் உட்கார்ந்து ஆரஞ்சுப் பழத்தின் தோலை அறுபடாமல் ஒரே சுருளாக உரித்து அதை மறுபடி பழம் போலவே குவித்து வைப்பானே, அது நான் பன்னிரண்டு வயதிலிருந்து செய்துவருவது, நீயே சாட்சி. அந்தத் தொடர் வந்த வாரம் நான் லண்டன் ரயிலில் பழக்கதோஷத்தில் ஓர் ஆரஞ்சை எடுத்தேன். எதிரில் இருந்த பெண்மணி குழந்தையைத் தூக்கிக்கொண்டு அடுத்த பெட்டிக்குப் போய்விட்டாள். போகும்போது என்னிடம் மன்னிப்பும் கேட்டுக்கொண்டாள், நம் ஊர்க்காரி அல்லவா. அதையெல்லாம்கூட விடு. கிறிஸ்துமஸ் காலத்துக் கூத்தில் ஆம்பிளை பாவாடை கட்டிக்கொண்டு கிழவி வேஷம் போடுவது நம் நாட்டு வழக்கம். அதைத் தொலைக்காட்சியில் காட்டியபோது, சரி, இதிலாவது நமக்கு விடுதலை என்று நிம்மதியாகப் பார்க்க உட்கார்ந்தேன். கிழவி பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கதவைச் சாத்தினோமா என்று மூன்று முறை திரும்பிப் போய் இழுத்துப் பார்த்தாள். பாவாடைக்குள்ளும் நான்தான்.

நான் கேட்காமல் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை உன் முன்னாலேயே கேட்டேன்.

"அத்தான், அது நான்தானே?"

"எது?"

"அந்தப் பாதிரியார்."

"உனக்கும் கடவுளுக்கும் என்னப்பா சம்பந்தம்? அந்த உருளைக்கிழங்கை இப்படித் தள்ளு."

நான் தள்ளினேன். தள்ளிய என் கையையே அவர் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த தொடரில் தளபதி வரைபடத்தை அதே மாதிரி, சுண்டுவிரலைத் தூக்கிக்கொண்டு தள்ளினார். நீ என்ன சொன்னாய், நினைவிருக்கிறதா? "உன்னை வேற யாருடா கவனிக்கிறா? அவராவது கவனிக்கிறாரேன்னு சந்தோஷப்படு." அக்கா என்றுகூடப் பார்க்காமல் அன்று நான் எழுந்து போயிருக்கவேண்டும். மழை பெய்ததால் இருந்துவிட்டேன்.

என் மனைவி மியூரியல் என்னைவிட்டுப் போன வருடத்துக்கு வருகிறேன். எரிகிற வீட்டில் பிடுங்கியது லாபம் என்று ஒருவர் நடந்துகொண்டது அப்போதுதான். உன் சமையலறையில் உட்கார்ந்து, அவள் பெட்டியோடு வாசலில் நின்றபோது நான் கேட்டதைச் சொல்லி அழுதேன். "போறே, சரி. டீப்பானைக்குப் போடற கம்பளிக் குல்லாயை எதுக்கு எடுத்துட்டுப் போறே? பானையை இங்கதானே விட்டுட்டுப் போறே?" என்று கேட்டேன். அவ்வளவுதான் எனக்குக் கேட்கத் தோன்றியது. அத்தான் என் தோளைத் தட்டிக்கொடுத்தார். அடுத்த ஆண்டு ஒரு தொலைக்காட்சி நாடகத்தில் மனைவி பிரிந்துபோகும் கணவனாக வந்து அதே கேள்வியை அதே குரலில் கேட்டார், நாடே கண்ணைத் துடைத்துக்கொண்டது, அவருக்கு விருது கிடைத்தது. அதுகூடப் பரவாயில்லை. மியூரியல் அவருக்கு ஒரு கடிதம் போட்டிருந்தாள். அந்தக் கணவரைப் பார்த்து இரண்டு நாள் அழுததாகவும், அப்படி மனதில் ஈரம் உள்ள ஒரு மனிதர் தன் வாழ்க்கையில் வாய்க்கவே இல்லை என்றும், கையெழுத்திட்ட புகைப்படம் ஒன்று வேண்டும் என்றும் எழுதியிருந்தாள். அத்தான் அதை எனக்கே படித்துக்காட்டினார். "உன் பழைய பெண்டாட்டிக்கு ரசனை உண்டுப்பா" என்று வேறு சொன்னார்.

இதன் பலனாக இந்த ஊரில் எனக்கு என் கோபம்கூடச் சொந்தமில்லாமல் போயிற்று. உனக்குத் தெரியும், எனக்குக் கோபம் வந்தால் குரல் உயராது, இறங்கும். "தயவுசெய்து தவறாக நினைக்காதீர்கள்" என்று ஆரம்பித்துத்தான் திட்டுவேன். வங்கி மேலாளர் தொடர் வந்த பிறகு, பள்ளியில் நான் நடத்தும் லத்தீன் வகுப்பில் ஒருநாள் ஒரு தடியனை அப்படித் திட்டினேன். வகுப்பே கைதட்டியது. "சார், அப்படியே இருக்கு சார்! இன்னொரு தடவை, சார்!" என்றார்கள். சத்தம் கேட்டு வந்த தலைமையாசிரியர் என்னைத் தனியே அழைத்து, "உங்களுக்கு மிமிக்ரி வரும்னு சொல்லவே இல்லையே பெர்னார்ட்? ஆண்டு விழாவுல ஒரு பத்து நிமிஷம் வச்சுக்கலாமா?" என்றார். கடையில் மீதிச் சில்லறை குறைந்தால் கேட்க முடிவதில்லை. கேட்டால் கடைக்காரர் தன் மனைவியை உள்ளேயிருந்து கூப்பிடுகிறார், வந்து பார்க்கச் சொல்லி. அத்தான் என் உறவு என்பதை நான் இங்கே ஒருவரிடமும் சொல்லவில்லை. சொன்னால் இவன்தான் அசல் என்று தெரிந்துபோகும். சொல்லாததால் நகல் என்று நினைக்கிறார்கள். எது கேவலம் என்று இன்னும் முடிவு செய்யமுடியவில்லை.

இதெல்லாம் பழைய பாக்கி. இப்போது எழுதுவதற்குக் காரணம் வேறு. டோரீன் பிரிக்நெல் என்று ஒரு பெண்மணியைப் பற்றி உன்னிடம் போனில் சொல்லியிருக்கிறேன். ஊர் நூலகத்தில் இருக்கிறார், கணவரை இழந்தவர். ஒன்றரை வருடமாகச் சனிக்கிழமைகளில் சேர்ந்து தேநீர் குடிக்கிறோம். என் குறைகளைக் கவனித்தும் கவனிக்காதது போல இருக்கக்கூடிய ஒரே மனுஷி. அவரைக் கல்யாணம் செய்துகொள்ளக் கேட்பது என்று ஈஸ்டரின்போதே தீர்மானித்தேன். உன் வீட்டில் எல்லோரும் தேவாலயத்துக்குப் போயிருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டு, கூடத்தில் கோட்டு மாட்டும் கம்பத்தின் முன் நின்று, உன் பச்சைக் கோட்டை டோரீனாகப் பாவித்து, சொல்லவேண்டியதைச் சொல்லிப் பழகினேன். நன்றாகவே வந்தது. தலைவலி என்று மாடியிலேயே தங்கிவிட்ட ஒருவர் படிக்கட்டில் நின்றது எனக்குத் தெரியாது.

தைரியம் வர இலையுதிர் காலம் ஆகிவிட்டது. போன சனிக்கிழமை கேட்டுவிடுவது என்று கழுத்துப்பட்டியெல்லாம் கட்டிக்கொண்டு போனேன். "முதல்ல ஒரு படம் பாக்கலாம் பெர்னார்ட், லயனல் கார்ஸ்டாங் நடிச்சது. நான் ஒரு தடவை பாத்துட்டேன், நீங்க பாக்கணும்" என்றார் டோரீன். மறுக்க நாகரிகம் இடம் கொடுக்கவில்லை. படத்தில் அத்தான் தனியாக வாழும் பள்ளி ஆசிரியர். பாதிப் படத்தில், ஆளில்லாத கூடத்தில், கோட்டு மாட்டும் கம்பத்தின் முன் வந்து நின்றார். பேச ஆரம்பித்தார். "நான் ஒண்ணும் பெரிய ஆளில்ல. மூட்டு வலிக்கும், முணுமுணுப்பேன். ஆனா ராத்திரி கதவைப் பூட்டறப்ப உள்ளே நீங்களும் இருக்கீங்கன்னு தெரிஞ்சா, ஒரு தடவை இழுத்துப் பாத்தாப் போதும்னு தோணுது." என் வார்த்தைகள், அக்கா! ஒன்றுகூட மாற்றவில்லை. கடைசியில் கோட்டின் கையைப் பிடித்து முத்தமிட்டேனே, அதையும் விடவில்லை. அரங்கம் முழுக்க விழுந்து விழுந்து சிரித்தது. டோரீன் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்தேன். எழுந்து போனால் வரிசையில் இருப்பவர்கள் எல்லோரும் கால்களை ஒதுக்கவேண்டியிருக்கும்.

பிறகு தேநீர்க் கடை. வேறு வார்த்தைகள் யோசித்தேன். லத்தீனில் நிறைய வந்தது, நம் பாஷையில் ஒன்றும் வரவில்லை. மனதில் இருப்பது ஒன்றுதான், அதை எத்தனை விதமாகச் சொல்லமுடியும்? கண்ணை மூடிக்கொண்டு ஆரம்பித்தேன். "நான் ஒண்ணும் பெரிய ஆளில்ல..." பாதி வந்ததும் டோரீன் மேசையைத் தட்டிக்கொண்டு சிரித்தார். "ஐயோ, அச்சு அசலா செய்யறீங்களே! ஒரே தடவை பாத்துட்டு எப்படி?" பக்கத்து மேசைக் கிழவர் கைதட்டினார். நான் எழுந்தேன், தலைவணங்கினேன், பில்லைக் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன். அன்றிலிருந்து நூலகத்துக்குப் போகவில்லை.

ஆகவே அத்தானிடம் சொல்லிவிடு. என் தொண்டையை எடுத்துக்கொண்டார், ஆரஞ்சை எடுத்துக்கொண்டார், மியூரியலின் கம்பளிக் குல்லாயை எடுத்துக்கொண்டார். இனி எடுப்பதற்கு ஒன்றும் இல்லை, நானும் இல்லை. என்னைப் போல ஒரு அசைவு, ஒரு இருமல், ஒரு தும்மல் இனி திரையில் வந்தாலும் வக்கீலைப் பார்ப்பேன். உனக்கும் ரோஜாக்களுக்கும் பூனைக்கும் என் மனமார்ந்த வாழ்த்துகள். புது வருடம் உனக்கு எல்லா நலத்தையும் தரட்டும். அத்தானுக்கு அதில் பாதி.

உன் அன்புத் தம்பி,
பெர்னார்ட்

பின்குறிப்பு: இதை உறையில் போட்டு ஒட்டும் நேரத்தில் வாசல் மணி அடித்தது. டோரீன். மழையில் நனைந்து, தொப்பியிலிருந்து தண்ணீர் சொட்ட நின்றிருந்தார். "நடிக்கிறவருக்கு மூஞ்சி சிவக்கும் பெர்னார்ட், காது சிவக்காது. உங்க காது அன்னிக்கு செவசெவன்னு இருந்துச்சு. வீட்டுக்குப் போய்த்தான் எனக்கு உறைச்சுது. திரும்பச் சொல்லுங்க. இந்தத் தடவை சிரிக்கமாட்டேன்" என்றார். சொன்னேன். மூட்டு வலி வரைக்கும் வந்து நடுவில் மறந்துவிட்டது. "ராத்திரி கதவை..." என்று அவரே எடுத்துக்கொடுத்தார், அந்தப் படத்தை இரண்டு தடவை பார்த்ததனால். முழுக்கச் சொல்லி முடித்தேன். சம்மதம் என்றார். சிரிக்கவும் செய்தார், ஆனால் அது வேறு சிரிப்பு.

அதன்பிறகு அத்தான் போன் செய்தார். உன் அட்டைக்குப் பதில் வராததால் நான் வருத்தத்தில் இருப்பதாக நீ அவரிடம் சொல்லியிருக்கிறாய். "கவலையே படாதே மச்சான், இனிமே உன்னைத் தொடறதில்ல. அடுத்த படத்துக்கு நம்ம ஒண்ணுவிட்ட அண்ணன் கத்பர்ட்டைப் பிடிச்சிருக்கேன். என்ன ஆளுப்பா அவன்! பொக்கிஷம்!" என்றார். "மிக்க மகிழ்ச்சி அத்தான்" என்று சொல்லி வைத்துவிட்டேன். உன்னிடம் கேட்கிறேன், கத்பர்ட்டா? அவனிடம் என்ன இருக்கிறது? வாழ்க்கையில் அவனுக்கு ஒரு சளி பிடித்ததுண்டா? அவன் தும்மினால் நாடு அழுமா? மேலே எழுதியதைக் கிழிக்கவேண்டும், ஆனால் நடை நன்றாக அமைந்துவிட்டது, அதனால் அப்படியே அனுப்புகிறேன். நீ படிக்காததாக வைத்துக்கொள். கிறிஸ்துமஸுக்கு நாங்கள் இருவரும் வருகிறோம். கத்பர்ட்டை அழைத்திருந்தால் ஏதாவது சொல்லித் தவிர்த்துவிடு. நான் இதுவரை ஒருத்தருக்கும் காட்டாதது இன்னும் எவ்வளவோ இருக்கிறது என்று அத்தானிடம் பேச்சுவாக்கில் சொல்லிவை. நான் சொன்னதாகச் சொல்லாதே.