காரில் காணாமல் போன குரல்

திங்கட்கிழமை காலை என் குரல் காணாமல் போனது.

தொண்டையிலிருந்து அல்ல. தொண்டை நன்றாகத்தான் இருந்தது. காபி ஆறிப்போனதற்காகக் கத்திச் சரிபார்த்திருந்தேன். காணாமல் போனது காரிலிருந்து.

நான் மின்சார அலுவலகத்தில் கண்காணிப்பாளர். மின்சாரத்தோடு எனக்குப் பழக்கமில்லை, காகிதத்தோடு மட்டும்தான். ஆனால் உள்ளுக்குள் நான் ஒரு பாடகன். நானே எழுதி, நானே மெட்டமைத்து, கீபோர்டு வாசிக்கும் அலுவலக நண்பரையும் ஒரு புல்லாங்குழல்காரரையும் பிடித்து, ஒரு ஸ்டுடியோவில் நானே பாடிப் பதிவு செய்த பாடல்கள் என்னிடம் உண்டு. வீட்டில் அவற்றைப் போட்டால் என் மனைவி அடுத்த அறைக்குப் போவாள். நான் அங்கேயும் போனால் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிடுவாள். தண்ணீர்த் தொட்டி காலியானதுதான் மிச்சம்.

காரில் அடுத்த அறை கிடையாது. அவள் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் ஆசிரியை. தினமும் காலையில் அவளை இறக்கிவிட்டுத்தான் நான் அலுவலகம் போவேன். பல மாதங்களாக அந்தப் பயணம் முழுக்க நான் காரின் பாட்டுப்பெட்டியில் பாடினேன். அவள் தன்னைப் போலவே தப்பிக்க முடியாத மரங்களை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

அந்தத் திங்கட்கிழமை கீபோர்டு வந்தது. புல்லாங்குழல் வந்தது. நான் வரவில்லை. ஆழக்கிணற்றுக்குள் யாரோ முனகுவதுபோல் ஏதோ கேட்டது. அது நானாக இருக்கலாம்.

"ஏங்க, இன்னைக்கு நீங்க பாடலையா?" என்றாள் மனைவி.

"பாடிட்டுத்தான் இருக்கேன். கேக்கலையா?"

"கீபோர்டு கேக்குது. உங்க நண்பர் இவ்வளவு நல்லா வாசிச்சிருக்காரா! இத்தனை நாள் தெரியவே இல்லையே."

வேறு வாரமாக இருந்தால் பொறுத்துக்கொண்டிருப்பேன். ஆனால் சனிக்கிழமை அவள் பள்ளியில் பாட்டுப் போட்டி. ஊர் ஊராகப் போய்க் கச்சேரி நடத்தும் ஓர் இசைக்குழுவின் தலைவி நடுவராக வருகிறார். அவரை ரயில் நிலையத்திலிருந்து அழைத்துவருவது எங்கள் பொறுப்பு. அந்தக் குழுவில் ஒரு குரலுக்கு இடம் காலி என்று எனக்கு நம்பகமான தகவல் இருந்தது. அவர் என் காரில் உட்காரப்போகிறார். என் பாட்டு ஒலிக்கப்போகிறது. "யார் இவர்?" என்று அவர் கேட்கப்போகிறார். நான் அடக்கமாகத் தலைகுனியப்போகிறேன். தலைகுனிவதைக் கண்ணாடி முன்னால் பழகியும் வைத்திருந்தேன். ஓட்டும்போது சாலையைவிட்டுக் கண்ணை எடுக்காமல் தலைகுனிவது அவ்வளவு சுலபமில்லை.

அன்று மாலையே மனைவியையும் ஏற்றிக்கொண்டு கார் ஸ்பீக்கர் கடைக்குப் போனேன். கடைக்காரருக்கு 'டாக்டர்' என்று பெயர். கார்க் கதவில் காதை வைத்துச் சோதிப்பதால் வந்த பெயராக இருக்க வேண்டும்.

"இடது பக்கத்தைத் தனியா விடுறேன் சார்" என்றார். நான் கணீரென்று பாடினேன்.

"வலதைத் தனியா விடுறேன்." அங்கும் பாடினேன்.

"இப்ப ரெண்டையும் சேர்த்து." நான் மறைந்துபோனேன்.

"தனித்தனியா நல்லா இருக்கு, சேர்ந்தா சரிப்படலையே?" என்றேன்.

"அது பல வீட்டுல இருக்கிறதுதாங்க" என்றாள் பின்சீட்டிலிருந்து மனைவி.

டாக்டர் யோசித்தார். "ஸ்பீக்கர் ரெண்டும் நல்லா இருக்கு சார். அதனால மாத்திடலாம்."

"நல்லா இருக்கிறதை ஏன் மாத்தணும்?"

"இது பழைய நல்லா சார். இப்ப புது நல்லா வந்திருக்கு."

புது ஸ்பீக்கர்கள் வந்தன. சோதிக்க அவர் ஒரு பாட்டுப் போட்டார். அதில் பாட்டே இல்லை. யாரோ தகர டிரம்முக்குள் விழுந்து, ஏறி, மறுபடியும் விழுந்துகொண்டிருந்தார்கள். "பிரமாதம்" என்றார் டாக்டர். என் பாட்டைப் போட்டோம். கீபோர்டு தேனாக வந்தது. நான் கிணற்றிலேயே இருந்தேன்.

செவ்வாய்க்கிழமை டாக்டர் வேறு நோயைக் கண்டுபிடித்தார். "ஸ்பீக்கர் பெருசாயிடுச்சு, தள்ளுறதுக்கு பவர் பத்தல." சீட்டுக்கடியில் ஆம்ப்ளிஃபயர் ஏறியது. இப்போது புல்லாங்குழல் ஊதினால் கண்ணாடி அதிர்ந்தது.

புதன்கிழமை, "தும் தும்னு அடிச் சத்தம் இல்ல பாருங்க, அதான் குறை" என்றார். அது உண்மைதான், அடிச் சத்தமும் என்னோடு போயிருந்தது. டிக்கியில் ஒரு சப்-ஊஃபர் பெட்டி ஏறியது. உபரி டயர் இறங்கி வீட்டுக் கூடத்துக்கு வந்தது. அடிச் சத்தம் திரும்பியது. இதயமாற்று சிகிச்சை செய்தமாதிரி கார் துடித்தது. நான் திரும்பவில்லை.

"ஒருவேளை ஒயர்ல ஏதாவது?" என்று கேட்டேன். அந்த வாரம் முழுக்க நான் கேட்ட ஒரே அறிவுள்ள கேள்வி அதுதான் என்பது பிறகுதான் தெரிந்தது.

"ஐயோ, கம்பெனி ஒயரைத் தொடாதீங்க. கேரண்டி போயிடும்" என்றாள் மனைவி.

"டீச்சரம்மா சொல்றது கரெக்ட்டு" என்றார் டாக்டர்.

இயற்பியல் விஷயத்தில் நான் மனைவியை மறுப்பதில்லை. மறுத்தால் விளக்குவாள்.

"அப்ப என்னதான் பண்றது டாக்டர்? சனிக்கிழமை எனக்கு வாழ்க்கைப் பிரச்சனை."

"புது ஸ்பீக்கர் சார். கொஞ்சம் ஓடணும். ஓட ஓடத்தான் குரல் திறக்கும்."

வாசலில் காரை நிறுத்தி மாலை முழுக்கப் பாட்டை ஓடவிட்டேன். குரல் திறக்கவில்லை, பக்கத்து வீட்டுக் கதவு திறந்தது.

"சார், பாடகர் வரலியா? ரொம்ப நேரமா வெறும் மேளமாவே இருக்கே?"

மனைவிக்கு என்மேல் இரக்கம் பிறந்தது அப்போதுதான். "நீங்க ஏங்க சிரமப்படுறீங்க? நான் காரை எடுத்துட்டு ஏரிக்கரைப் பக்கம் சுத்திட்டு வரேன். பாட்டைப் போட்டுக்கிட்டே ஓட்டுறேன். உங்க குரல் தானா திறக்கட்டும்."

வியாழனும் வெள்ளியும் தனியாகப் போனாள். முகம் மலர்ந்து திரும்பிவந்தாள். என் பாட்டுக்காக இவ்வளவு பாடுபடும் ஒருத்தியைக் குழாயைத் திறந்தவள் என்று தப்பாக நினைத்துவிட்டோமே என்று எனக்குக் கண் கலங்கியது.

சனிக்கிழமை. குழுத் தலைவியை முன்சீட்டில் உட்காரவைத்தேன். நரைத்த முடி, பெரிய கண்ணாடி, அதிகம் பேசாதவர். மனைவி பின்னால். டாக்டரை மனதில் வணங்கிப் பாட்டைப் போட்டேன்.

கீபோர்டு தொடங்கியது. தலைவி கண்ணை மூடிக்கொண்டார். "நல்லா இருக்கே" என்றார். பல்லவி வர வேண்டிய இடம் நெருங்கியது. ஸ்டியரிங்கை இறுகப் பிடித்தேன். திற, திற என்றேன்.

வந்தது குரல்.

ஆனால் அது என் குரல் இல்லை. பின்சீட்டிலிருந்து வந்தது. அவசரமில்லாத, சற்றே தழுதழுத்த குரல். மழை நின்றபின் கூரையிலிருந்து சொட்டுவதுபோல் ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக விழுந்தது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அந்தக் குரலை நான் கேட்டதே இல்லை. வரிகளில்கூட இரண்டு இடத்தில் மாற்றியிருந்தாள். மாற்றியது நன்றாக வேறு இருந்தது.

பாட்டு முடிந்ததும் தலைவி திரும்பி உட்கார்ந்தார். "டீச்சர், எங்கே கத்துக்கிட்டீங்க?"

"காலேஜ்ல பாடுவேன். அப்புறம் விட்டுப்போச்சு. வீட்டுல ஏற்கனவே ஒருத்தர் பாடிட்டிருந்தாரு."

"குரலே இல்லாம இசையை மட்டும் எப்படிப் பதிஞ்சீங்க?"

"பதியலைங்க. ஒரு பக்கத்து ஸ்பீக்கருக்குப் போற ப்ளஸ், மைனஸ் ஒயரை மாத்திக் கொடுத்தேன். ஸ்டுடியோவுல குரலை ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி பதிவாங்க. ஒரு பக்கம் முன்னால தள்ளும்போது இன்னொரு பக்கம் பின்னால இழுத்தா, ஒண்ணையொண்ணு அழிச்சுக்கும். ரெண்டு பக்கமும் வேறவேறயா பதிஞ்ச கீபோர்டும் குழலும் தப்பிச்சுக்கும். பாட்டுப்பெட்டிக்குப் பின்னால ரெண்டே ஒயர். பதினொண்ணாங்கிளாஸ் பாடம்."

நான் சாலையைப் பார்த்தேன். வேறெங்கும் பார்க்க எனக்கு உரிமமில்லை.

"நீ பாடுவேன்னு என்கிட்ட சொன்னதே இல்லையே?" என்றேன், சிக்னலில்.

"நீங்க கேட்டதே இல்லையேங்க."

"அடுத்த வாரமே பயிற்சிக்கு வந்துடுங்க டீச்சர்" என்றார் தலைவி. "ஆனா வசதியெல்லாம் எதிர்பார்க்காதீங்க. எங்க வேன்ல ஸ்பீக்கர் கிழிஞ்சு கரகரன்னுதான் பாடும். வழியில ஒத்திகை பாக்கக்கூட முடியறதில்ல."

"அதுக்கென்னங்க? எங்க கார்ல ஸ்பீக்கர், ஆம்ப்ளிஃபயர், பெரிய பெட்டி எல்லாம் புத்தம்புதுசா இருக்கு. எடுத்துக்கங்க. என்னங்க, குடுத்துடலாமில்ல?"

தலைவி என்னைப் பார்த்தார். முதல்முறையாக, மரியாதையோடு பார்த்தார். அந்தப் பார்வைக்காகத்தானே இந்த வாரம் முழுக்க அலைந்தேன்? கண்ணாடி முன்னால் பழகியபடி அடக்கமாகத் தலைகுனிந்தேன்.

"சாருக்குப் பெரிய மனசு" என்றார் தலைவி. "ஆனா கழட்ட ஆள் வேணுமே?"

ஸ்க்ரூ டிரைவர் என் மனைவியின் கைப்பையிலேயே இருந்தது.